இரும்புச் சாமான்கள் வகையறா

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தம்பி ஒரு குட்டியானை வண்டியை வரவழைத்துப் பட்டறையைக் காலி செய்தான். காரியச் செலவு எழுதிய நோட்டில், வரவுப் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு வரி: ‘இரும்புச் சாமான்கள் வகையறா - ரூ. 4,300’. விழுப்புரத்தில் 42 வருடம் புல்லட் மட்டுமே பார்த்த ஒரு மெக்கானிக்கின் கருவிகள் அந்த ‘வகையறா’வுக்குள் அடங்கிவிட்டன.

தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பன்னிரண்டு வயதில் அவனைப் பட்டறைக்குள் இழுத்து நிறுத்தினார்கள். சைஸ் மாற்றி எடுத்துக்கொடுத்தால் அதே ஸ்பேனரால் முட்டியில் ஒன்று விழும். அந்த இடம் என்றாலே அவனுக்கு மண்ணெண்ணெய் வாடையும் வலியும்தான். நானோ வாசல்படியில் நின்றாலே, “பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை, உள்ள போ” என்று குரல் வரும். விருப்பமில்லாதவனை உள்ளே தள்ளி, விருப்பமுள்ளவளை வெளியே நிறுத்திய வீடு எங்களுடையது.

எல்லாம் அப்பா சுயமாகச் சம்பாதித்தது, உயில் கிடையாது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் சம பங்கு. வீட்டு மனைக்காக இதைச் சொல்லி வாதாட எனக்குத் தெரிந்திருந்தது. ஸ்பேனருக்காகவும் வாதாடலாம் என்பது வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. அம்மா வெறும் நெற்றியோடு திண்ணையில் உட்கார்ந்து வண்டி போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் காயலான் கடையைத் தேடிப் போனேன். ராட்செட் கைப்பிடியை அன்றைக்கே யாரோ ஒரு மெக்கானிக் வாங்கிப் போயிருந்தார். மற்றவை நாலைந்து சாக்குகளில் ஊரின் மற்ற இரும்போடு கலந்துவிட்டன. சாக்கைக் கவிழ்த்துத் தேடினேன். அப்பாவின் சாக்கெட்டுகளை எப்படி அடையாளம் கண்டேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவற்றின் மேல் சிவப்பாகப் பெயிண்ட் தெறித்த மாதிரி கறை இருக்கும். ஏதோ டேங்குக்குப் பெயிண்ட் அடித்தபோது பட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கறையை வைத்துத்தான் ஆறு சாக்கெட்டுகளைப் பொறுக்கி எடுத்தேன். கடைக்காரர் தராசில் போட்டார். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். “எதுக்கும்மா இது? துரு புடிச்சது” என்றார். சொந்தக்காரர்கள் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: அப்பன் போனதில் இவளுக்கு மரை கழண்டுவிட்டது.

சாக்கெட்டுகளின் பழைய தகரப் பெட்டி விற்கப்படாமல் தப்பித்திருந்தது. அம்மா அதில் நூல்கண்டும் ஊசியும் போட்டு வைத்திருந்தார். பெட்டிக்குள் ஒரு பட்டை, அதில் ஒன்பது குழிகள். என்னிடம் ஆறு. 3/16, 1/4, 5/16, 3/8, 1/2, 9/16. மூன்று குழிகள் காலி. ஊர் விட்டுச் சென்னைக்குத் திரும்பி வங்கி வேலைக்குப் போன பிறகும் அந்த மூன்று குழிகள் கண்ணிலேயே நின்றன. சேகரிப்பது என் பழக்கமாக ஆரம்பிக்கவில்லை. ஒரு பெட்டியை நிரப்ப வேண்டும் என்றுதான் புதுப்பேட்டைக்குப் போனேன்.

வண்டிகளைப் பிரித்துப் பாகமாக விற்கும் புதுப்பேட்டைத் தெருக்களைப் பற்றிச் சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முதல் சனிக்கிழமையே ஏமாந்தேன். யாரும் ஏமாற்றவில்லை, நானே ஏமாந்தேன். ‘7/16’ என்று தெளிவாக முத்திரை குத்தியிருந்த ஒரு சாக்கெட்டை ஐம்பது ரூபாய்க்கு வாங்கி வந்தேன். வீட்டில் 3/8க்கும் 1/2க்கும் நடுவிலிருந்த காலிக் குழியில் வைத்தால் அது உள்ளே விழுந்து ஆடியது. 3/8க்கு அடுத்தது 7/16. கணக்குச் சரி. ஆனால் நான் வாங்கியது அப்பாவின் 1/4ஐவிடவும் சின்னதாக இருந்தது.

அதற்கான விடையைத் தேடியதில்தான் இந்த உலகத்துக்குள் நுழைந்தேன். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841இல் திருகு மரைக்கு ஒரு பொது அளவு முறையை முன்வைத்தார். அதுவரை ஒரு பட்டறையின் போல்ட் இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது. விட்வொர்த் ஸ்பேனரில் உள்ள எண், ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. அது பிடிக்கிற போல்ட்டின் தண்டு எவ்வளவு பருமன் என்பது. 3/8 விட்வொர்த் சாக்கெட்டின் வாயை அளந்தால் 0.710 அங்குலம், ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். அமெரிக்கக் கருவிகளில் அப்படி இல்லை. அவர்கள் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரத்தையே எண்ணாகக் குத்தினார்கள். அங்கே 3/8 என்றால் வாய் 3/8 அங்குலம்தான், ஒன்பதரை மில்லிமீட்டர். இது போதாதென்று பி.எஸ்.எஃப். என்று நெருக்கமான மரை கொண்ட இன்னொரு பிரிட்டிஷ் வகை உண்டு. அதில் தலை ஒரு அளவு சிறியது. அதனால்தான் பழைய ஆங்கில ஸ்பேனர்களில் ‘3/8 டபிள்யூ - 7/16 பி.எஸ்.’ என்று ஒரே வாய்க்கு இரண்டு பெயர் இருக்கும். நான் வாங்கி வந்தது ‘டபிள்யூ’ இல்லாத 7/16. எண் அதேதான், ஆள் வேறு.

இது தமிழ்நாட்டில் ஏன் முக்கியம் என்றால், திருவொற்றியூரில் 1950களின் நடுப்பகுதியிலிருந்து தயாரான புல்லட் ஆங்கில வண்டியின் வாரிசு. அதன் போல்ட்டுகள் ஆங்கில அளவில் இருந்தன. நாடு மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் பழைய புல்லட்டைத் திறக்க விட்வொர்த் சாக்கெட் வேண்டும். 1/4 டபிள்யூ நட்டு 13.3 மில்லிமீட்டர். கையில் கிடைத்த 14ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் மூலை மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். அப்பா மற்ற மெக்கானிக்குகளைத் திட்டியதில் பாதி இதற்காகத்தான் என்று இப்போது புரிகிறது. இதெல்லாம் யாராவது பத்து வயதில் எனக்குச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். நாற்பது வயதுக்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

பிறகு கை தானாகப் படிக்கப் பழகியது. எதை எடுத்தாலும் முதலில் கைப்பிடியைத் துடைத்து முத்திரையைப் பார்ப்பேன். ‘மேற்கு ஜெர்மனி’ என்று இருந்தால் கிட்டத்தட்ட 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. அமெரிக்கக் காப்புரிமை எண் இருந்தால் அது ஒரு வாசல். இருபது லட்சமாவது காப்புரிமை 1935இல் கொடுக்கப்பட்டது. எண் அதற்கு மேல் என்றால் அந்தக் கருவி அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. எப்போது பிறந்தது என்பதை எண் சொல்லாது, எதற்கு முன் இல்லை என்பதை மட்டும் சொல்லும். அடுத்தது மேல்பூச்சு. லேசான மஞ்சள் சாயலோடு மின்னினால் நிக்கல், நீலம் கலந்த வெள்ளைப் பளபளப்பு என்றால் குரோம். நிக்கல் பொதுவாக முந்தையது. போர்க்காலத்தில் குரோமுக்கும் நிக்கலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது பூச்சே இல்லாமல் கறுப்பாகக் கருவிகள் வந்தன. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ப்ளோம் நிறுவனம் அவற்றில் ‘போர்க்காலப் பூச்சு’ என்பதன் இரண்டு ஆங்கில முதலெழுத்துகளைக் குத்தியது. அதன் கருவிகளில் குத்திய வணிகப் பெயரே பின்னால் ஒரு வழக்கில் சிக்கி, 1940களின் இறுதியில் ‘ப்ரோட்டோ’ என்று மாறியது. ஆகவே ‘ப்ளோம்’ என்ற பெயரும் ஒரு காலக் குறிப்புதான்.

ராட்செட் என்றால் காதும் வேண்டும். உள்ளே ஒரு பல்சக்கரம், அதன் பல்லில் விழுந்து ஒரு பக்கமாக மட்டும் பிடிக்கும் ஒரு பூட்டு நாக்கு. அவ்வளவுதான் எந்திரம். மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ‘கடக்’ சத்தத்தை எண்ணினால் பல் எத்தனை என்று தெரிந்துவிடும். 24 பல் என்றால் ஒவ்வொரு பிடிக்கும் 15 டிகிரி நகர்த்த இடம் வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். பழையவை பெரும்பாலும் பெரிய பல், கரடுமுரடான சத்தம். எனக்கு அந்தச் சத்தம்தான் பிடிக்கும். அப்பாவின் பட்டறையைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்டதே அந்தச் சத்தமாகத்தானே.

அமெரிக்கக் கருவிகள் இங்கே எப்படி வந்தன? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைகள் விட்டுச் சென்ற ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்தில் விற்கப்பட்டன. கருவிகளும் பின்னாலேயே சந்தைக்கு வந்தன. இப்படிக் கிடைத்தவற்றில் ஸ்னாப்-ஆன் பெயரைப் பார்த்தால் விலை தானாக ஏறிவிடும். 1920இல் மில்வாக்கியில் தொடங்கிய நிறுவனம் அது. ஒவ்வொரு அளவுக்கும் கைப்பிடியோடு ஒட்டிய தனி ஸ்பேனர் வாங்கும் வழக்கம் அப்போது பரவலாக இருந்தது. ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட், மாற்றி மாற்றிப் பொருத்தினால் ஐம்பது கருவி என்பது அவர்களின் வியாபாரக் கணக்கு. கேட்பதற்கு இன்றைக்குச் சாதாரணம். ஆனால் பெட்டியைத் திறந்து பத்து சாக்கெட்டை வரிசையாகப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்கின் அழகு எனக்கு அலுப்பதில்லை.

சேகரிப்பவர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. அவர்களுக்கு ஒரே நிறுவனம், ஒரே வருடம், ஒரே பூச்சு, முழு செட் வேண்டும். கலந்திருந்தால் மதிப்பு இல்லை. வேலை செய்கிறவரின் பெட்டி எப்போதுமே கலந்துதான் இருக்கும். உடைந்தது போக, தொலைந்தது போக, கடன் வாங்கித் திருப்பாதது சேர. அப்பாவின் ஆறில் நான்கு பிரிட்டூல், ஒன்று வேறு ஆங்கில நிறுவனம், ஒன்றில் பெயரே இல்லை. குறுகலான இடத்தில் நுழைவதற்காக அதன் சுவரைச் சாணையில் தேய்த்து மெலிதாக்கியிருந்தார். சேகரிப்பவர் அதைச் சேதம் என்பார். நான் அதைக் கடைசிவரை விற்க மாட்டேன்.

புதுப்பேட்டையில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான், வெவ்வேறு குரலில். “யாருக்குக்கா?” “வீட்டுக்காரருக்கா?” “தம்பி மெக்கானிக்கா?” முதலில் கோபம் வந்தது. பிறகு ‘எனக்கு’ என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பதே ஒரு வேடிக்கையாகிவிட்டது. ஒரு கடைக்காரர் பழைய எஞ்சினில் இறுகிப்போன நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “நான் பாக்கவா?” என்றேன். “இதுக்கெல்லாம் ஆம்பளக் கை வேணும்க்கா” என்று சிரித்தவர், நாலு தரம் முக்கிப் பார்த்துவிட்டு மூன்றடி இரும்புப் பைப்பை எடுத்துக் கைப்பிடியில் செருகினார். ஒரே அழுத்து, நட்டு திரும்பியது. ஆம்பளக் கையும் போதவில்லை, பைப் நீளம்தான் போதுமானதாக இருந்தது. கைப்பிடி மூன்று மடங்கு நீண்டால் வேண்டிய விசை மூன்றில் ஒன்று. உடல் பலம் பற்றி நம் வீடுகளில் சொல்லிவந்த அத்தனை கதைக்கும் அந்தப் பைப்பைப் பதிலாகக் காட்டலாம். (ராட்செட்டில் பைப் போடாதீர்கள், பல் உடையும். அதற்கு ராட்செட் இல்லாத நீளக் கம்பிக் கைப்பிடி உண்டு.)

அப்பாவின் ராட்செட்டுக்கு ஈடாக நான் வாங்கியதில் பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறியும் ‘1943’ என்ற எண்ணும் இருக்கின்றன. அந்த வருடத்தில் பிரிட்டனின் ஆயுத, கருவித் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். 1941 டிசம்பரிலேயே மணமாகாத இளம்பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைக்கச் சட்டம் வந்துவிட்டது. இந்த ராட்செட்டின் பல்சக்கரத்தைக் கடைந்தது ஒரு பெண்ணாக இருக்கலாம். அம்பு அரசுடையது, பெயர் நிறுவனத்துடையது, கடைந்தவருக்கு முத்திரை கிடையாது. பெயர் கிடைத்தாலும் எப்படிக் கிடைக்கும் என்பதற்கு பியாட்ரிஸ் ஷில்லிங் கதை இருக்கிறது. சண்டை விமானம் தலைகுப்புறப் பாயும்போது எஞ்சின் திணறியது. அதைச் சரிக்கட்ட, நடுவே துளையிட்ட சின்ன உலோகத் துண்டு ஒன்றை 1941இல் வடிவமைத்து, சிறு குழுவோடு விமானதளம் விமானதளமாகப் போய்ப் பொருத்திய பொறியாளர் அவர். அந்தத் துண்டுக்கு அவர் பெயரையும் ‘துளை’ என்ற சொல்லையும் சேர்த்து ஒரு இரட்டை அர்த்தப் பட்டப்பெயர் வைத்தார்கள். அதே 1943இல்தான் இங்கே கிண்டி பொறியியல் கல்லூரியில் ஏ. லலிதா மின்பொறியியல் பட்டம் பெற்றார். சான்றிதழில் அச்சாகியிருந்த ‘அவன்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு வருடத்தில் மூன்று குழிகளும் நிறைந்தன. அடுத்தது சுத்தம் செய்வது. முறையாகத்தான் செய்தேன். முதலில் தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கையும் பெயிண்ட் கறையையும் துடைப்பது. பிறகு ஒரு இரவு வினிகரில். காலையில் பித்தளைப் பிரஷ், சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசல், துடைத்து, வெயிலில் காயவைத்து, மெஷின் எண்ணெய். பூச்சு நன்றாக இருக்கும் கருவியை வினிகரில் போடக்கூடாது, ஓரத்தில் உரிந்துவிடும். அப்பாவின் ஆறு சாக்கெட்டுகளும் புதுக் காசு மாதிரி வந்தன. பெட்டியில் வரிசையாக அடுக்கி, படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ‘சூப்பர்க்கா’ என்று பதில் வந்தது.

அந்தத் தீபாவளிக்கு அம்மா சென்னைக்கு வந்திருந்தார். அவரிடமும் பெட்டியைத் திறந்து காட்டினேன். 3/8ஐக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொட்டு எங்கடி?”

எனக்குப் புரியவில்லை. அம்மா பொறுமையாகச் சொன்னார். நான் 1992இல் கல்லூரி விடுதிக்குப் போன அடுத்த வருடம் பட்டறைப் பையன் வேலையை விட்டு ஓடிவிட்டான். தம்பியும் பள்ளி, டியூஷன் என்று நழுவிவிட்டான். அப்போதிருந்து ஆறு வருடம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுத்தது அம்மா. மூன்றாம் வகுப்போடு நின்றவர். ‘த்ரீ எய்ட்’, ‘ஃபைவ் சிக்ஸ்டீன்’ என்று அப்பா கத்தினால் எது என்று தெரியாது. குத்தியிருந்த எழுத்தோ எண்ணெயில் மறைந்திருக்கும். தம்பிக்கு விழுந்த அடி அவருக்கும் விழுந்ததா என்று நான் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்ததைச் சொன்னார். நான் விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சுப் பாட்டில் அலமாரியில் இருந்தது. 1/4க்கு ஒரு பொட்டு, 5/16க்கு இரண்டு, 3/8க்கு மூன்று. 1/2க்கு ஒரு கோடு. ஒரு மாதத்தில் அப்பாவே ‘மூணு பொட்டு எடு’ என்று கேட்கத் தொடங்கிவிட்டாராம். ஆனால் யாராவது வண்டியோடு வாசலில் வந்து நின்றால் அம்மா எழுந்து உள்ளே போய்விட வேண்டும்.

“நீ அழிச்சிட்டியா?”

“பெயிண்டுன்னு நெனச்சேம்மா.”

“ம். நல்லாத்தான் வெளக்கியிருக்க.”

கோபமா கேலியா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வருடத்தை நிறத்தை வைத்துச் சொல்லும் எனக்கு, என் கையிலிருந்த கறை ஏன் ஒவ்வொன்றிலும் வேறு வேறு எண்ணிக்கையில் இருக்கிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அந்நிய ஊர்த் தொழிற்சாலை முத்திரைகளையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். இதைத் தின்னர் போட்டுத் துடைத்தேன்.

அம்மா ஒவ்வொரு சாக்கெட்டின் வாயிலும் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, “இது ரெண்டு, இது மூணு, இது கோடு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றும் தப்பவில்லை. நான் வாங்கிச் சேர்த்த 7/16க்கு வந்ததும் நிறுத்தினார்.

“இது நம்மளுது இல்ல. நம்மளுது நாலு பொட்டு. சதுரமா வெச்சிருப்பேன். கடைசிப் பொட்டு மட்டும் பெருசா இருக்கும், அன்னிக்குப் பாட்டில் சாஞ்சு கொட்டிடுச்சு.”

பெட்டி நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் புதுப்பேட்டைக்கு எடுத்துப்போகும் சீட்டில், விழுப்புரத்து மெக்கானிக்குகளிடம் கொடுத்து வைத்திருக்கும் சீட்டிலும், ‘7/16 டபிள்யூ, அரை அங்குலச் சதுரத் துளை’ என்று எழுதி அதன் கீழே சேர்த்திருக்கிறேன்: ‘நாலு பொட்டு, சிவப்பு, ஒன்று பெரிது. துடைக்க வேண்டாம்.’